ஹண்டிங்டன் நோய்: அறிவதா, அறியாதிருப்பதா?

மருத்துவ வரலாற்று நூல்களில் நோய்க்கும் மருந்துக்கும் பல பக்கங்கள் உண்டு. நோயாளியின் மனத்திற்கு ஓரிரு வரிகளே. இதற்கு விலக்காக நான் கருதுவது, 1872-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரை. அவருடைய தந்தையும் பாட்டனாரும் லாங் ஐலண்டில் மருத்துவர்கள். மூன்று தலைமுறையாகச் சில குடும்பங்களைக் கவனித்து வந்ததன் பயனே அக்கட்டுரை. அந்நோய் மரபுவழி வருவது, முதிர்ந்த வயதில் தோன்றுவது என்பவற்றோடு, மனப்பிறழ்வுக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்வது என்பதையும் அதன் இயல்பாகவே அவர் குறித்தார்.

இந்நோயில் உடல் கட்டுக்கடங்காமல் ஆடும். நினைவும் குணமும் சிறுகச் சிறுகச் சிதையும். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. ஆயினும் பெரும்பாலோர்க்கு 30, 40 வயது வரை அடையாளம் ஏதும் தெரியாது. அந்த இடைக்காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையிலிருந்து குவளை நழுவினால் அது வெறும் கவனக்குறைவா, தொடக்கமா? ஒரு பெயர் மறந்தால்? நோய் வராதவரையும் அது இவ்வாறு வாட்டியது. 1933-இல் ஜெர்மனியின் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் இந்நோயையும் சேர்த்தபோது, குடும்பங்கள் அதை மறைப்பதற்கு மேலும் ஒரு காரணம் கிடைத்தது.

1968-இல் லியோனோர் வெக்ஸ்லர் என்பவருக்கு இந்நோய் உறுதியாயிற்று. அவர் மகள் நான்சி உளவியலாளர். நான்சியும் அவர் தமக்கை ஆலிசும் பிள்ளை பெறுவதில்லை என்று முடிவு செய்தனர். பின்னர் நான்சி வெனிசுவேலாவின் மராக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களுக்கு ஆண்டுதோறும் சென்றார். அங்கு இந்நோய் உலகில் வேறெங்கும் காணாத அளவுக்கு மிகுதி. மாதிரி கொடுக்கத் தயங்கிய மக்களிடம், ஆய்வுக்காகத் தம் கையில் தோல் எடுத்த தழும்பைக் காட்டினாராம். நானும் உங்களில் ஒருத்தி என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

அக்குருதி மாதிரிகளின் துணையால் 1983-இல் நான்காம் குரோமோசோமில் மரபணுவின் இருப்பிடம் புலப்பட்டது. 1993-இல் மரபணுவே கண்டறியப்பட்டது. இனி எவரும் தம் எதிர்காலத்தை முன்கூட்டியே அறியலாம். சோதனை வருமுன் வேண்டும் என்றவர்கள் பலர். வந்தபின், பெரும்பாலான நாடுகளில் ஐவரில் ஒருவருக்கும் குறைவானோரே முன்வந்தனர். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குணமாக்கும் மருந்து இல்லாதபோது, அரைப்பங்கு நம்பிக்கையும் ஒரு சொத்தல்லவா? 1994-இல் வெளியான பன்னாட்டு நெறிமுறைகளும் இதை மதித்தன: சோதனைக்கு முன் ஆலோசனை வேண்டும், முடிவை வாங்கும் நொடியிலும் வேண்டாமென விலகலாம்.

நான்சி தமக்கு நோய் இருப்பதை 2020-இல், தம் 74-ஆம் வயதில் வெளிப்படையாக அறிவித்தார். அவர் நடையின் மாற்றத்தைச் சுற்றியிருந்தோர் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே கவனித்திருந்தனர்.