குலமில்லாத தொழில்

ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கை முறுக்கு ஞாபகம் வரும். எங்கள் பக்கத்தாருக்குத் தறிச் சத்தமும் கூடவே கேட்கும். முறுக்குச் சுற்றவோ நாடா தள்ளவோ இங்கே யாரும் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை. தாயின் விரலைப் பார்த்தும், தறி மிதிக்கும் தகப்பன் காலைப் பார்த்தும் படித்ததுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் தகப்பனில்லாத பையன் யார் காலைப் பார்ப்பான்?

இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தவைதான் டான் போஸ்கோ தொழிற்பள்ளிகள். இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரியாரான ஜான் போஸ்கோ இரண்டு வயதில் தகப்பனை இழந்தவர். படிக்கிற காலத்திலேயே தையலும் கொல்லு வேலையும் பழகியவர். பிழைப்புத் தேடி டூரின் நகரத்துக்கு வந்து தெருவில் நின்ற பையன்களை அவர் முதலில் பிறர் பட்டறைகளில் சேர்த்துவிட்டார்.

1852-ல் ஒரு தச்சரோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் செய்துகொண்டார். பையனை வாயால்தான் திருத்த வேண்டும், கை நீட்டக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான வேலை ஏவக் கூடாது. பண்டிகை நாளில் ஓய்வு தர வேண்டும். ஒரு தகப்பன் வாய்ப்பேச்சில் கேட்பதை அவர் எழுத்தில் கேட்டார். மறு வருஷமே தம் விடுதியில் செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் சொந்தப் பட்டறை போட்டார்.

அவர் நிறுவிய சலேசிய சபையார் 1906 ஜனவரியில், ஜார்ஜ் தோமாட்டிஸ் தலைமையில் தஞ்சாவூருக்கு வந்து, அநாதைப் பையன்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். 1928-ல் அவர்களில் ஒருவரான யூஜின் மெடர்லே சென்னையின் பேராயரானார்.

அதே 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் மூன்று மின்முனை கொண்ட வால்வைச் செய்தார். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. ரேடியோப் பெட்டி கைக்கு அடக்கமாயிற்று. 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. பழுது பார்க்க ஆள் வேண்டுமே! கடைசல், தச்சு, அச்சு என்று வளர்ந்த சபைப் பள்ளிகளில் மின்னணுவியலும் சேர்ந்தது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. தச்சு வேலைக்குத் தச்சன் மகன் முந்தி நிற்பான். மின்னணுவியலுக்கோ பாட்டன் கிடையாது. அது எந்த ஜாதிக்கும் குலத்தொழில் இல்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்தால், தகப்பன் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

ஆனால் வாசலில் வேறொரு படி முளைத்துவிட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற மின்னணுவியல் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். நியாயந்தான், கணக்குத் தெரியாமல் சர்க்யூட் விளங்காது. எனினும், டான் போஸ்கோ யாரை நினைத்துத் தொடங்கினாரோ அந்தப் பையன், எட்டாவதோடு நின்றவன், செல்போன் பழுது பார்க்கும் கடையில் டீ வாங்கி வந்துகொண்டிருக்கிறான். அவனுக்காக முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்க இன்று ஓர் ஆள் வேண்டும்.