மெய்நிகர் உலகங்களில் முன்மாதிரி அமைத்தல்

மெய்நிகர் உலகங்களில் முன்மாதிரி அமைத்தல்: செங்கல்லும் கம்பியும் கொண்டு கட்டுவதற்கு முன்னரே, பலர் ஒருங்கே புகுந்து நடமாடக்கூடிய கற்பித உலகமொன்றைக் கணினிக்குள் ஏற்படுத்தி, அதில் ஒரு வீட்டையோ, மருத்துவமனையையோ, பள்ளிப் பாடத்துக்குரிய விளையாட்டுக் களத்தையோ எழுப்பி, அங்கே மனிதர் புழங்கும் விதத்தைக் கண்டு குற்றங்குறைகளைத் திருத்திக்கொள்ளும் முறை. தன்னுள் இருப்போரை உணர்ந்து அதற்கேற்ப விளக்கேற்றவும், கதவைத் திறக்கவும், ஆபத்தை அறிவிக்கவும் வல்ல இடத்தை இக்காலத்தார் ஸ்மார்ட் சூழல் என்பர். அத்தகைய இடமும் கல்வி விளையாட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றினும், மெய்நிகர் உலகத்தில் இரண்டும் ஒரே பட்டறையில் உருவானவை. 'இன்னார் அருகில் வந்தால் இன்னது செய்க' என்னும் ஒருவகைக் கட்டளையே இரண்டுக்கும் உயிர்நாடி.

மாதிரியை வைத்துப் பழகும் வழக்கம் கணினிக்கு மிகவும் முற்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தம் தந்தையாரின் தொழிற்சாலையில் வேலை பழகிய எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தரையைவிட்டு எழாத விமானமொன்றை 1929-இல் அமைத்தார். கேளிக்கைக் கூடங்களில் வேடிக்கைப் பொருளாகவே முதலில் மதிக்கப்பட்ட அப்பெட்டியை, 1934-இல் தபால் எடுத்துச் செல்லும் பணியில் ஈடுபட்ட ராணுவ விமானிகள் பலர் கொடிய வானிலையில் சிக்கி மாண்ட பின்னரே அமெரிக்க ராணுவம் விலைகொடுத்து வாங்கிற்று. ஒரே சாதனம் விளையாட்டாகவும் பயிற்சியாகவும் பயன்படும் என்பது அன்றே விளங்கியிருக்க வேண்டும். கல்வித் துறையார் அதை உணர இன்னும் சில தலைமுறைகள் கழிந்தன.

பலர் கூடி உறையும் கணினி உலகம் 1978-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் விரிவாக்கிய 'மட்' என்னும் அவ்விளையாட்டில் சித்திரம் ஒன்றும் இல்லை. அறைகள், காடுகள், புதையல்கள் அனைத்தும் வெறும் வாக்கியங்களே. 1990-இல் பாவெல் கர்ட்டிஸ், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, 'லாம்ப்டாமூ' என்னும் உலகத்தைத் திறந்து வைத்தார். அதன் விசேஷம், உள்ளே வருவோர் தாமே புதுப் பொருள்களைச் சிருஷ்டித்து, அவை நடந்துகொள்ள வேண்டிய விதத்தையும் தாமே விதிக்கலாம் என்பது. அதே நிலையத்தில், அதே ஆண்டுகளில், மார்க் வைசர் என்னும் விஞ்ஞானி முற்றும் மாறான பாதையில் சிந்தித்துக் கொண்டிருந்தார். கணினி மேசையைவிட்டு இறங்கி, சுவரிலும் சட்டைப்பையிலும் பலகையிலும் கலந்து, கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்து தொண்டு செய்யும் காலம் வரும் என்று 1991-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அவர் எழுதிய கட்டுரையே ஸ்மார்ட் சூழல் ஆராய்ச்சிக்கு மூலம். மனிதனைக் கணினிக்குள் இழுத்துக்கொள்ளும் மெய்நிகர் முறை தம் கொள்கைக்கு நேர் விரோதமானது என்பது வைசரின் உறுதியான அபிப்பிராயம். அவருடைய கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் களமாகப் பிற்காலத்தில் அந்த விரோதியே வந்து வாய்த்ததுதான் இத்துறையின் சரித்திரத்தில் சுவையான பகுதி.

இவ்வுலகங்களில் மனிதனுக்குப் பிரதிநிதியாக உலவும் உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காக சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டல் ஃபார்மரும் 1980-களின் இடைப்பகுதியில் 'கமடோர் 64' கணினியில் அமைத்த 'ஹாபிடாட்' என்னும் சித்திர உலகமே இப்பொருளில் அச்சொல்லை வழங்கத் தொடங்கியது. 1992-இல் வெளிவந்த நீல் ஸ்டீஃபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' என்னும் நாவல் அதைப் பிரசித்தமாக்கிற்று. அவதாரம் என்னும் நம் வடசொல் அமெரிக்காவுக்குப் போய், ஈற்றெழுத்தை உதிர்த்துவிட்டு, 'அவதார்' என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. மேலுலகிலிருந்து கீழிறங்கி வருதல் என்னும் மூலப்பொருளை நோக்கினால், பெயர் பொருத்தமற்றது என்று சொல்வதற்கில்லை.

மெய்யான ஸ்மார்ட் வீடுகளும் இதற்கிடையே எழாமல் இல்லை. அட்லாண்டா நகரின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம், இரு தளங்களும் ஒன்றையொன்று ஒத்த 'அவேர் ஹோம்' என்னும் ஆராய்ச்சி வீட்டையே கட்டியது. ஆயினும் இவ்வகை முயற்சிகள் பெருஞ்செலவு பிடிப்பவை. சுவருக்குள் பதித்த உணரி (சென்சார்) தவறான இடத்தில் அமைந்துவிட்டால் சுவரை இடித்தாக வேண்டும். நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனையிலோ அதைக் கனவிலும் கருத முடியாது. ஒரு மாணாக்கர் தம் பாடவேளைக்குள் கட்டி, மறு வாரத்தில் இடித்து, மீண்டும் கட்டக்கூடிய இடம் ஒன்று தேவையாயிற்று.

அத்தேவையை நிறைவு செய்தது, பிலிப் ரோஸ்டேல் நிறுவிய லிண்டன் லேப் என்னும் ஸ்தாபனம் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 'செகண்ட் லைஃப்'. இதில் நிலம் பிரதேசம் பிரதேசமாக விற்கப்பட்டது. ஒவ்வொரு பிரதேசமும் 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் உடையது. முழுப் பிரதேசத்தில் அக்காலத்தில் 15,000 'ப்ரிம்'கள் வரை வைக்க முடிந்தது. கனசதுரம், உருளை, கோளம் போன்ற அடிப்படைத் திண்மங்களுக்கே ப்ரிம் என்று பெயர். இவற்றை நீட்டியும் குறுக்கியும் துளைத்தும் இணைத்தும் நாற்காலி முதல் நகரம் வரை சமைத்தனர். ஒவ்வொரு ப்ரிமுக்குள்ளும் நிரல் ஒன்றை எழுதிப் புகுத்தலாம். அந்நிரலுக்குக் கிடைத்த நினைவிடம் முதலில் 16 கிலோபைட். 2008-இல் 'மோனோ' என்னும் புது ஏற்பாடு வந்தபின் 64 கிலோபைட். இன்று ஒரு சிறு புகைப்படம் அடைத்துக்கொள்ளும் இடத்தினும் குறைவான இந்த இடுக்குக்குள்தான் ஆராய்ச்சியாளர் தங்கள் அறிவார்ந்த வீடுகளை அடைக்க வேண்டியிருந்தது.

அப்பொருள்கள் ஒன்றோடொன்று உறவாடிய விதம் விசித்திரமானது. அவை பேசிக்கொண்டன! எண்ணிட்ட தடங்களில், மனிதர் கண்ணுக்குப் புலப்படாத வாசகங்களை அவை எழுப்பும். கிசுகிசுத்தால் 10 மீட்டர் தூரத்துக்கும், இயல்பாகச் சொன்னால் 20 மீட்டருக்கும், கூவினால் 100 மீட்டருக்கும் கேட்கும். வாசற்கதவு 'இன்னார் வந்தார்' என்று ஒரு தடத்தில் சொல்ல, அதே தடத்தில் செவிசாய்த்திருக்கும் விளக்கு அதைக் கேட்டுத் தானே ஒளிரும். 96 மீட்டர் வரை துழாவவல்ல உணரி நிரல், அறைக்குள் இருப்போரின் பெயரையும் தொலைவையும் கணந்தோறும் எண்ணிச் சொல்லும். இதனோடு வெளியுலகக் கணினிகளை வலை வழியே வினவி விடைபெறும் வசதியும் சேர்ந்தபோது, உள்ளே கிடக்கும் பொம்மை வீட்டுக்கும் வெளியே நிற்கும் மெய்யான கட்டடத்துக்கும் இடையே பாலம் விழுந்தது.

அப்பாலத்தை நன்கு பயன்படுத்தியவருள் இரு குழுவினர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் கிரெய்க் தாம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணாக்கரும், 'எல்லாமே உயிருடையன' என்று பொருள்படும் பெயரிட்ட திட்டத்தின் கீழ், செகண்ட் லைஃபில் தங்கள் பல்கலைக்கழகத்துக்குரிய மெய்நிகர் தீவில் மருத்துவமனையொன்றை எழுப்பினர். கட்டில், மருந்துப் பெட்டி, தள்ளுவண்டி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளம் பெற்று, வானலைச் சீட்டு ஒட்டிய பொருள் போலத் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் நிலைமையை அங்கே ஒத்திகை பார்த்தனர். எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜாஷுவா லிஃப்டனும் ஜோசஃப் பாரடைசோவும் எடுத்துக்கொண்ட வழி வேறு. தங்கள் ஆய்வுக்கூடத்தில், மின்சாதனங்களைச் செருகும் நீள்பலகைகளிலேயே ஒலி, ஒளி, மின்னோட்டம் முதலியவற்றை அளக்கும் உணரிகளைப் பொருத்தி, அவை தந்த செய்தியை, செகண்ட் லைஃபில் கட்டிய நிழற்கூடத்துக்கு அவ்வப்போதே அனுப்பினர். மெய்யறையில் சந்தடி மிகுந்தால் நிழலறையின் தோற்றமும் மாறிற்று. 'இருமை மெய்ம்மை' எனத்தக்க இக்கருத்தை லிஃப்டன் 2007-இல் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான நூலில் விரித்துரைத்தார். இன்று 'டிஜிட்டல் இரட்டை' என்று தொழிற்சாலைக்காரர் பெருமையோடு வழங்கும் கருத்துக்கு இது நெருங்கிய உறவினம்.

இம்முறையில் பெருங்குறை ஒன்று உண்டு. அதை ஆர்வலர் பலர் எடுத்துச் சொல்வதில்லை. மெய்நிகர் உலகத்து உணரி ஒருபோதும் பொய்யாது. அவதாரை நடத்திச் செல்வதும் அவ்வுலகக் கணினியே; 'அருகில் யார்?' என்னும் கேள்விக்கு விடை கூறுவதும் அக்கணினியே. தன் கணக்கேட்டைத் தானே புரட்டிச் சொல்பவனுக்குத் தவறு நேர்வது எங்ஙனம்? மெய்யான வீட்டிலோ, போர்வைக்குள் அசையாமல் உறங்கும் குழந்தை உணரியின் கணக்கில் இல்லவே இல்லை. காற்றில் ஆடும் திரைச்சீலையும் குறுக்கே ஓடும் பூனையும் மனிதராகிவிடுகின்றன. தண்ணீர்க் குடமும் உலோகத் தட்டும் வானலையை மறைத்து, கண்முன் இருக்கும் பொருளைக் காணாமற்போனதாக்குகின்றன. பிழையற்ற உலகத்தில் வெற்றி பெற்ற வீட்டைப் பிழை மலிந்த உலகத்துக்கு அப்படியே கொண்டுவருபவர் ஏமாறுவது நிச்சயம். ஆகவே இவ்வுலகங்களில் வீடு சமைப்போர் உணரியோடு அதன் மறதியையும் பிரமையையும் சேர்த்தே சிருஷ்டிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

கல்வி விளையாட்டுக்கு இக்குறை பொருந்தாது. அங்கே உலகம் ஆசிரியரின் உத்தேசத்துக்கு இசைந்து நடப்பதே நன்மை. 1971-இல் மினசோட்டா மாநிலத்தில் டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், நண்பர் இருவரின் துணையோடு, சரித்திர வகுப்புக்காகத் தட்டச்சுக் கணினியில் அமைத்த 'ஆரிகன் டிரெயில்' இவ்வகைக்கு முன்னோடி. 1990-களில் ஏமி பிரக்மன் எம்.ஐ.டி.யில் படைத்த 'மூஸ் கிராசிங்' என்னும் எழுத்துலகத்தில் சிறுவர் விளையாடியதோடு நில்லாமல் நிரலெழுதிப் பொருள்களையும் செய்தனர். தானே செய்த பூனைக்குட்டி தான் சொல்லிக்கொடுத்தபடி கத்துவதைக் காணும் குழந்தை, ஆயத்தமாகக் கிடைத்த விளையாட்டை ஆடும் குழந்தையைக் காட்டிலும் அதிகம் கற்கும் என்பதில் ஐயமில்லை. 1999-இல் தொடங்கிய 'வைவில்' என்னும் உலகத்தில் 'வைபாக்ஸ்' என்று ஒரு கற்பித வைசூரியையே பரப்பிவிட்டனர். சிறுவரின் அவதார் முகங்களில் செம்புள்ளிகள் முளைத்தன. உரையாடலுக்கு நடுவே தும்மல் வந்து சொற்களைக் கெடுத்தது. தொற்று என்பது யாது என்று விளக்க உபாத்தியாயருக்கு வேறு உபகரணம் வேண்டியிருக்கவில்லை.

இவை எல்லாவற்றினும் முழுமையாக ஆராயப்பட்டது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டீட் தலைமையில் உருவான 'ரிவர் சிட்டி'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அமெரிக்க ஆற்றங்கரை ஊர் அது. ஊரார் நோயில் விழுகின்றனர். நகரத்தலைவருக்குக் காரணம் விளங்கவில்லை. எதிர்காலத்திலிருந்து வந்து சேரும் மாணாக்கர் சிறு குழுக்களாகப் பிரிந்து தெருத்தெருவாக அலைந்து, மருத்துவமனைப் பதிவேட்டைப் படித்து, தண்ணீரை எடுத்துச் சோதித்து, கொசுவைப் பிடித்து எண்ணி, தம் ஊகத்தைச் சோதனையால் நிறுவி, முடிவில் நகரத்தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஆசிரியர் மறைத்து வைத்திருக்கும் நுட்பம் யாதெனில், ஊரில் பரவுவது ஒரே நோயன்று. நீரால், காற்றால், பூச்சியால் பரவும் மூவகை நோய்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஆகையால் ஒரே விடையைத் தேடி ஓடும் கெட்டிக்கார மாணாக்கனும் அங்கே திகைத்து நிற்பான். இதே குழுவினர் பின்னர் அமைத்த 'ஈகோம்யுவ்' என்னும் உலகில் ஒரு குட்டையின் மீன்கள் ஏன் செத்து மிதந்தன என்பது வினா.

ரிவர் சிட்டியில் ஒவ்வொரு மாணாக்கனும் எங்கே சென்றான், எதைத் தொட்டான், யாரிடம் பேசினான் என்பன அனைத்தும் பதிவாயின. வீட்டுச் சுவரில் இருந்து கவனிக்கும் உணரியும் மாணாக்கனைத் தொடரும் இப்பதிவேடும் தொழிலால் ஒன்றே. கற்பவனின் சிந்தனைப் போக்கை உபாத்தியாயர் அறிய இது அரிய துணை என்பது மெய். தன் தடுமாற்றமெல்லாம் எழுதிவைக்கப்படுகிறது என்று அறியாமல் தடுமாறும் குழந்தையின் பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும் என்பதும் மெய்.

பணமே இவ்வுலகங்களின் போக்கை மாற்றிற்று. செகண்ட் லைஃபில் கல்வி நிலையங்களுக்கு அளித்துவந்த பாதிக் கட்டணச் சலுகையை 2011 ஜனவரி முதல் நிறுத்துவதாக லிண்டன் லேப் முந்திய அக்டோபரில் அறிவித்தது. 2013-இல் சலுகை மீண்டும் வந்ததாயினும், அதற்குள் பலர், 2007-இல் தொடங்கப்பெற்ற 'ஓப்பன்சிமுலேட்டர்' என்னும் இலவச மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தனர். சிறுவரோ, மார்க்கஸ் பெர்சன் 2009-இல் வெளியிட்ட 'மைன்கிராஃப்ட்'டின் சதுரக் கற்களை நாடிச் சென்றனர். அதில் கிடைக்கும் 'ரெட்ஸ்டோன்' என்னும் செந்தூளைத் தரையில் கோடாகத் தூவினால் அது மின்கம்பியாகும்; மிதித்தால் திறக்கும் கதவையும் இருட்டினால் எரியும் விளக்கையும் பத்து வயதுப் பிள்ளைகள் அதைக்கொண்டு தாமே அமைக்கின்றனர். 2012 முதல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு 'பிளாக் பை பிளாக்' என்னும் திட்டத்தின்கீழ், தெருவும் திடலும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஊராரே மைன்கிராஃப்டில் கட்டிக்காட்டும்படி செய்துவருகிறது. நைரோபியின் கிபெரா குடிசைப்பகுதித் திடலும், நேபாளத்துக் கீர்த்திபூரின் பழைய குளக்கரையும் அவ்வாறு வடிவமைக்கப்பட்டவை. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் கல்லை எடுத்துவைத்துத் தம் விருப்பத்தைச் சொல்ல முடிந்தது இம்முறையின் சிறப்பு.

கட்டுவது எளிதாயிருப்பது போலவே மறைவதும் இங்கே எளிது. கூகுள் நிறுவனம் 2008 ஜூலையில் திறந்த 'லைவ்லி' என்னும் உலகம் அவ்வாண்டு டிசம்பர் 31-இல் மூடப்பட்டது. இளைஞருக்கென்றே 2005-இல் ஏற்பட்ட செகண்ட் லைஃப் பகுதியும் 2011-இன் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. ஓப்பன்சிமுலேட்டரிலோ ஒரு பிரதேசத்தை, அதிலுள்ள வீடுகள், மரங்கள், நிரல்களோடு சேர்த்து, ஒரே கோப்பாக எடுத்துவைத்து, வேறொரு கணினியில் மீண்டும் விரிக்கலாம்.