பெயர்ப்பலகையும் கமராவும்

வீதியிற் செல்லும்போது நாம் நாள்தோறும் வாசிக்கும் பெயர்ப்பலகைகளை யார் எழுதினார், எவ்வாறு எழுதினார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அத்தொழிலாளர் கையில் கமரா எவ்வாறு ஒரு கருவியாயிற்று என்னும் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

பலகை எழுதுவோருக்கு என்றுமுள்ள இடர்ப்பாடு அளவு. சிறு தாளில் வரைந்ததைப் பெருஞ்சுவருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதன்பொருட்டுத் தாளிலும் சுவரிலும் கட்டங்கள் கீறி, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தனர். வேறு சிலர் முழு அளவில் எழுதிய தாளின் கோடுகள் வழியே ஊசியால் துளையிட்டு, அதனைச் சுவரிற் பொருத்தி, கரித்தூள் கட்டிய துணிமுடிச்சால் மெல்லத் தட்டுவர். தாளை அகற்றினால் எழுத்தின் உருவம் புள்ளி புள்ளியாய்ச் சுவரிலே நிற்கும். ஒளிப்படக்கலை 1839 ஆம் ஆண்டிலே பாரிசில் உலகறிய வெளியிடப்பட்ட பின்னரும் இவர்கள் ஏணியையும் அளவுநாடாவையும் கைவிடவில்லை. படச்சுருளைக் கழுவி அச்சிட்டுப் பெறும்வரை வேலை காத்திருக்குமா?

மாற்றம் வேறொரு வழியால் வந்தது. 1924 இல் வியன்னாவிலே பிறந்து, நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1940 இல் அமெரிக்காவை அடைந்த யோசப் கேர்பர் என்னும் யூதர், மாணவராயிருந்தபோது தம் இரவுக் காற்சட்டையின் இழுபட்டியை உருவியெடுத்து, அதிலே அளவுகளைக் குறித்து, இழுத்தால் விரியும் அளவுகோலொன்றை ஆக்கினார். எப்பருமனுள்ள வரைபடத்தையும் அதனால் அளக்கலாம். அவர் நிறுவிய நிறுவனமே 1983 இல், கணினியின் ஏவற்படி வைனல் தாளில் எழுத்துகளை வெட்டித்தரும் பொறியைப் பலகைத் தொழிலுக்கு வழங்கியது. தூரிகை பிடித்த கைகள் பல அதனால் வேலையிழந்தன என்பதையும் மறைத்தலாகாது.

இதற்கிடையே, 1975 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிலே கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன், படச்சுருளில்லாத கமராவொன்றை அமைத்திருந்தார். நிறை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. கறுப்பு வெள்ளைப் படமொன்றை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடிகள் சென்றன. அப்படத்திலே புள்ளிகள் பதினாயிரமே. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1994 இல் அப்பிள் நிறுவனம் விற்பனைக்கு விட்ட டிஜிற்றல் கமரா, கிடையாக 640 புள்ளிகளும் நிலைக்குத்தாக 480 புள்ளிகளும் கொண்ட படத்தைத் தந்தது.

இவ்விடத்திலே சிறிது கணக்குப் பார்ப்போம். பத்து மீற்றர் அகலமான கடைமுகப்பு அந்த 640 புள்ளிகளுள் அடங்கினால், ஒரு புள்ளி ஒன்றரைச் சென்ரிமீற்றரிலும் சற்றுக் கூடிய இடத்தைக் குறிக்கும். பலகை எங்கே அமையும் என வாடிக்கையாளருக்குக் காட்ட அது போதும்; வெட்டுவதற்கு அளவெடுக்கப் போதாது. புள்ளிகள் பன்மடங்காய்ப் பெருகிய பின்னரே அளவும் கைகூடிற்று. நீளம் தெரிந்த கோலொன்றைச் சுவரோடு ஒட்டப் பிடித்து, நேரெதிரே விலகி நின்று படமெடுப்பர். படத்திலுள்ள கோலைக்கொண்டு கணினி மற்றைய அளவுகளைக் கணித்துக்கொள்ளும். கோல் சுவரைவிட்டு முன்னே தள்ளியிருந்தால் பெரிதாய்த் தோன்றி, கணக்கனைத்தும் பிழைக்கும். கீழே நின்று அண்ணாந்து எடுத்தாலோ மேற்பக்கம் குறுகிவிடும்.

அளவு பிழைத்தால் மீண்டும் அளக்கலாம். எழுத்துப் பிழைத்தால்? எமது பாடசாலையின் பழைய பலகையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை" என்பது வாசகம். நண்பகல் வெயிலில், வீதியின் மறுகரையில் நின்று, கைத்தொலைபேசிக் கமராவால் நானே படமெடுத்து நகரத்து நிறுவனமொன்றுக்கு அனுப்பினேன். பழைய பலகையில் முதலில் உதிர்ந்தவை மெய்யெழுத்தின் புள்ளிகள். எஞ்சியவற்றையும் வெயில் விழுங்கிற்று. தமிழறியாத தொழிலாளி கண்டதைக் கண்டவாறே வெட்டினார். பலகை மாட்டப்பட்ட காலையில் எட்டாம் வகுப்பு மாணவனொருவன் ஓடிவந்து, "சேர், எங்கட பாடசாலை எப்ப தமிழகத்துக்குப் போனது?" என்றான். சென்று பார்த்தேன். "அரசினர தமிழக கலவன பாடசாலை" என்று, வழுவற்ற வெட்டில், அழகாகவே இருந்தது. அத்தொழிலாளியைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. தமிழ் அறிந்தவனாய் அங்கே இருந்தவன் நான் ஒருவனே. படத்தை வாசித்துப் பாராமல் அனுப்பியவனும் நானே.

இப்பொழுது பலகை எழுதக் கொடுக்கும்போது, ஒளிப்படத்தோடு வாசகத்தையும் தாளிலே பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்புகின்றேன்.