நான்காம் மாத மாத்திரை: கம்போடியாவும் மொசாம்பிக்கும்

காசநோய் மாத்திரையை வழக்கமாக ஆறு மாதமாவது இடைவிடாமல் விழுங்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். முன்பு அடங்கிய மருந்துக்கே அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும். அகதி முகாமில் மூன்றாம் மாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், சண்டை ஓய்ந்தது, ஊருக்குக் கிளம்பலாம் என்கிறார்கள். நான்காம் மாத மாத்திரையை அவர் கையில் யார் வைப்பார்கள்?

ஊர் திரும்பும் அகதிகளுக்கான மருத்துவத்தை ஒருங்கிணைப்பது என்ற பெரிய சொற்றொடருக்குள் இருப்பது இந்தச் சிறிய கேள்விதான். கம்போடியாவும் மொசாம்பிக்கும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் இதை எதிர்கொண்டன. இரண்டிலும் நீண்ட உள்நாட்டுப் போர், மண்ணுக்குள் கண்ணிவெடி, சிதைந்த மருத்துவமனைகள், மலேரியா, காசநோய். இரண்டிலும் மக்கள் திரும்பும் பணியை ஐ.நா. அகதிகள் ஆணையமே ஒருங்கிணைத்தது. ஆனாலும் வீடு திரும்பிய நோயாளிக்கு நேர்ந்தது ஒன்றாக இல்லை. அந்த வேறுபாட்டின் வேர், அகதி வாழ்வின் முதல் ஆண்டுகளிலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

இரண்டு உடன்படிக்கைகள்

கம்போடியாவுக்கான அமைதி உடன்படிக்கை 1991 அக்டோபர் 23 அன்று பாரீஸில் கையெழுத்தானது. தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து முதல் வாகன வரிசை 1992 மார்ச் 30 அன்று புறப்பட்டது. 1993 மே மாதத் தேர்தலுக்கு முன் எல்லோரையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது கெடு. அகதிகள் ஆணையத்தின் செர்ஜியோ வியேரா டி மெல்லோ தலைமையில் 3,60,000-க்கும் மேற்பட்டோர் சுமார் ஓராண்டில் திரும்பினார்கள்.

மொசாம்பிக்கின் உடன்படிக்கை 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் கையெழுத்தானது. அரசில் இருந்த ஃப்ரெலிமோவும் அதை எதிர்த்துப் போரிட்ட ரெனாமோவும் ஆயுதத்தைக் கீழே வைத்தன. மலாவி, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா, சுவாசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து 1996 வரை சுமார் 17 இலட்சம் பேர் திரும்பினார்கள். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து கிடந்த பல இலட்சம் பேர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

வேலிக்குள் ஒரு மருத்துவம், ஊரோடு ஒரு மருத்துவம்

தாய்லாந்து எல்லையில் சைட் டூ என்ற முகாம் ஒரு நகரம் அளவுக்குப் பெரியது. காவ் இ டாங் முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறுவை சிகிச்சை மருத்துவமனை இருந்தது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. காசநோயாளிகள் பணியாளரின் கண் முன்னே மாத்திரை விழுங்கினார்கள். உலகெங்கிலுமிருந்து வந்த தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கம்போடியர்களைச் செவிலியராகவும் மருத்துவ உதவியாளராகவும் மருத்துவச்சியாகவும் பயிற்றுவித்தன. வேலிக்குள் நடந்த மருத்துவம் தரமானது; அதில் ஐயமில்லை. ஆனால் வேலிக்கு வெளியே அதற்கு எந்த வேரும் இல்லை. தாய்லாந்தின் சுகாதாரத் துறையோடும் அது சேரவில்லை, கம்போடியத் தலைநகர் புனோம் பென்னோடும் சேரவில்லை.

மலாவி வேறு வழியில் போனது. தானே ஏழை நாடு. ஒரு கோடிக்கும் குறைவான மக்கள்தொகை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மொசாம்பிக் மக்கள் எல்லை மாவட்டங்களில் வந்து தங்கினார்கள். பலர் மலாவிக் கிராமங்களை ஒட்டியே குடியிருந்தார்கள். மலாவி அரசு தன் மாவட்ட மருத்துவமனைகளையும் சுகாதார நிலையங்களையும் அவர்களுக்கும் திறந்துவிட்டது. உள்ளூர்த் தாயும் அகதித் தாயும் ஒரே வரிசையில் நின்று குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள்.

இந்த ஏற்பாட்டிலும் பெருந்துயரம் நடந்தது. நியாசின் என்ற உயிர்ச்சத்துக்கு அகதிகள் பெரிதும் நம்பியிருந்தது நிலக்கடலையை. அதன் விநியோகம் தடைப்பட்டு மக்காச்சோளமே உணவாகிப்போனபோது, 1990-இல் பெல்லாக்ரா நோய் பரவி 18,000-க்கும் மேற்பட்டோரின் தோலைப் புண்ணாக்கியது. மருத்துவமனைக் கதவு திறந்திருந்தும் உணவுக் கிடங்கு வெறுமையானால் நோய் வரும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. ஒருங்கிணைப்பு மருந்தோடு நிற்கும் வேலையன்று. தட்டில் விழும் உணவும் அதற்குள் அடக்கம்.

வரவேற்க வீட்டில் யார் இருந்தார்கள்?

கெமர் ரூஜ் ஆட்சி 1979-இல் வீழ்ந்தபோது கம்போடியாவில் எஞ்சியிருந்த மருத்துவர்கள் சில டஜன் பேர்தான். அடுத்து வந்த அரசை வியட்நாம் நிறுவியது என்பதால் மேற்கு நாடுகள் அதை ஏற்கவில்லை; ஐ.நா. இருக்கைகூட எல்லையில் இருந்த, கெமர் ரூஜும் அடங்கிய எதிர்த்தரப்பிடமே இருந்தது. எனவே 1980-களில் மேற்கு நாடுகளின் உதவிப் பணத்தில் பெரும்பகுதி எல்லை முகாம்களுக்குப் போனது. யுனிசெஃபும் செஞ்சிலுவைச் சங்கமும் ஒரு சில தொண்டு நிறுவனங்களும் தவிர மேற்கிலிருந்து உள்நாட்டு மருத்துவமனைகளை எட்டிப் பார்க்க ஆளில்லை. ஒரே மக்களின் ஒரு பகுதிக்குச் செழிப்பான மருத்துவம்; மறு பகுதிக்கு மருந்தில்லாத அலமாரி. முகாமிலிருந்து கிளம்பியவர் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குள் நேராக இறங்கினார்.

மொசாம்பிக்கில் கட்டடங்கள் அழிந்திருந்தன. ரெனாமோ கிராமச் சுகாதார நிலையங்களைக் குறிவைத்துத் தாக்கியது. ஆரம்ப சுகாதார அமைப்பில் ஏறத்தாழ பாதி எரிந்தோ மூடப்பட்டோ போனது. ஆனால் சுகாதார அமைச்சகம் என்ற ஒன்று சாகவில்லை. 1975-இல் விடுதலை பெற்ற கையோடு போர்ச்சுகீசிய மருத்துவர்களில் பெரும்பாலானோர் வெளியேறியபோது, அந்நாடு ஆரம்ப சுகாதாரத்தை முதன்மையாக்கி, கிராமப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் வகுத்தது. அந்த நினைவும் அந்த ஆட்களும் தலைநகர் மபூட்டோவிலும் மாகாண அலுவலகங்களிலும் இருந்தார்கள். போர் ஓயும் முன்பே மறுகட்டமைப்புத் திட்டத்தைத் தீட்டத் தொடங்கியதும் இவர்கள்தான். எந்த மாவட்டத்தில் எத்தனை நிலையம் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். கம்போடியாவில் அந்த ஒருவரைத்தான் பத்தாண்டுகள் உலகம் பார்க்க மறுத்திருந்தது.

வழி

கம்போடியர்களைப் பேருந்தும் ரயிலும் சுமந்தன. சிசோபோன், பட்டாம்பாங் போன்ற ஊர்களின் வரவேற்பு மையங்களில் தங்கி, பிறகு தாங்கள் தேர்ந்த ஊருக்குப் போனார்கள். முதலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2 ஹெக்டேர் நிலம் தருவதாகத் திட்டம். கண்ணிவெடியில்லாத நிலம் அவ்வளவு கிடைக்கவில்லை. எனவே பெரும்பாலோர் பெரியவருக்கு 50 டாலர், குழந்தைக்கு 25 டாலர் என்ற பண உதவியைத் தேர்ந்தார்கள். இது மருத்துவத்தை எப்படித் தொட்டது என்று பார்க்க வேண்டும். நிலம் வாங்கியவர் இருக்கும் இடம் தெரியும்; பணம் வாங்கியவர் உறவினர் வீடு, சந்தை ஊர், கூலி கிடைக்கும் காட்டோரம் என்று போய்விடுவார். நான்காம் மாத மாத்திரையோடு அவரைத் தேடிப் போக முகவரி கிடையாது.

காட்டோரம் இன்னொரு ஆபத்து. முகாமில் மலேரியா கட்டுக்குள் இருந்தது. மேற்குக் கம்போடியாவின் மலைக்காடுகளிலோ வழக்கமான மருந்துகளுக்கு மசியாத மலேரியா இருந்தது. நோயெதிர்ப்பு குறைந்த உடலோடு, முகாமில் பிறந்த பிள்ளைகளோடு, மக்கள் அந்தக் காட்டுக்குப் பிழைக்கப் போனார்கள்.

மொசாம்பிக் மக்களில் பெரும்பாலோர் எந்த வண்டிக்கும் காத்திருக்கவில்லை, தாங்களாகவே நடந்தார்கள். ஆண்கள் முதலில் எல்லை தாண்டிப் போய்ப் புதர் வெட்டி விதைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் மலாவியில் இருந்தபடி ரேஷன் வாங்கினார்கள். விளைச்சல் தெரிந்த பிறகே குடும்பம் சேர்ந்தது. இந்த மெல்லிய, நீண்ட நகர்வு மருத்துவத்துக்குச் சாதகமாக அமைந்தது. அந்தக் குடும்பத்தை அறிந்த மலாவி மருத்துவமனை ஒரு நாள் நடைதூரத்தில் இருந்தது. நோய் முற்றினால் அங்கே திரும்பிப் போகலாம். மக்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒருங்கிணைப்பு இது. கெடு வைத்து அவர்களை விரட்டாதது திட்டமிட்டவர்களின் பங்கு.

கட்டடமும் ஆளும்

கம்போடியாவில் திரும்பியவர்களிடையே ஒரு பெரும் செல்வம் இருந்தது: முகாமில் பயின்ற சுகாதாரப் பணியாளர்கள். அவர்களின் சான்றிதழை உள்நாட்டு அமைப்பு எளிதில் ஏற்கவில்லை. மறுதேர்வு, மறுபயிற்சி, குடும்பத்துக்குப் போதாத அரசுச் சம்பளம் ஆகியவற்றுக்கு நடுவே பலர் வேறு பிழைப்பைத் தேடினார்கள். நாட்டை மேற்பார்வையிட்ட ஐ.நா. நிர்வாகத்துக்குப் பாதுகாப்பு, நிதி, வெளியுறவு, காவல், தகவல் ஆகிய ஐந்து துறைகள் நேரடிப் பொறுப்பாக இருந்தன. சுகாதாரம் அந்த ஐந்தில் இல்லை. அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் தொண்டு நிறுவனங்களும் ஒரே மேசையில் அமரும் ஒருங்கிணைப்புக் குழு வலுப்பெற்றபோது மக்கள் ஏற்கனவே ஊர் சேர்ந்திருந்தார்கள்.

மொசாம்பிக்கில் சிக்கல் தலைகீழானது. சில மாதங்களில் முடியும் சிறு திட்டங்களுக்கு அகதிகள் ஆணையம் பணம் தந்தது. கிணறும் பள்ளியும் சுகாதார நிலையமும் எழுந்தன. புதுச் சுவர், புதுக் கூரை. உள்ளே செவிலியர் இல்லை, அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு ஒதுக்கீடு இல்லை. மாகாணச் சுகாதார அலுவலகத்தைக் கேட்காமல் கட்டப்பட்ட இடங்களில் இந்த அவலம் நடந்தது. கேட்டுக் கட்டிய இடங்களில் ஆள் வந்தார்.

எதிரியாக இருந்தவரின் பகுதியிலும் வேறுபாடு உண்டு. கெமர் ரூஜ் 1992-இல் ஆயுதக் களைவிலிருந்து விலகியதால் அதன் வசமிருந்த பைலின் போன்ற இடங்கள் மூடிக்கிடந்தன. மொசாம்பிக்கில் ரெனாமோ பகுதிகளில் பணிபுரிந்த சுகாதாரப் பணியாளர்களுக்கு மறுபயிற்சி தந்து அரசுப் பணியில் சேர்க்கும் முயற்சி நடந்தது. எதிர்த்தரப்பின் செவிலியர் அரசுச் சீருடையில் நின்று ஊசி போடும்போது, சமாதானம் கிராமத்துக்கு வந்துவிட்டதை மக்கள் கண்ணால் பார்க்கிறார்கள். எந்த உடன்படிக்கைத் தாளும் அவ்வளவு தெளிவாகப் பேசாது.

அருகருகே வைத்தபின்

மொசாம்பிக்கை வெற்றி என்றும் கம்போடியாவைத் தோல்வி என்றும் பிரித்துவிட முடியாது. கம்போடியாவில் அவ்வளவு பேரைச் சுமார் ஓராண்டில் பெரும் உயிர்ச்சேதமின்றிக் கொண்டுசேர்த்தது பெரிய செயல். மொசாம்பிக்கில் கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2015 வரை ஆனது; அதுவரை வயலுக்குப் போனவர்கள் காலை இழந்துகொண்டிருந்தார்கள்.

ஆனாலும் ஒன்று தெளிவு. அகதி காலத்தில் மருத்துவம் யார் கையில் இருந்ததோ, திரும்பும் காலத்தில் அது தொடருமா அறுபடுமா என்பதை அதுவே முடிவு செய்தது. மலாவி அரசும் மொசாம்பிக் அரசும் இருமுனையிலும் பிடித்திருந்த கயிற்றின் வழியே மக்கள் நடந்து வந்தார்கள். தாய்லாந்து எல்லையில் கயிற்றின் ஒரு முனை வலுவாக இருந்தது. மறுமுனையைப் பிடிக்க வேண்டியவரை உலகம் கண்டுகொள்ளவில்லை.

போர் நடக்கும்போதே இருபக்கச் சுகாதாரப் பணியாளர்களும் ஒரே பாடத்திட்டத்தில் பயில வேண்டும்; ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்க வேண்டும்; நோயாளியின் அட்டை இருபக்கமும் படிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். நான்காம் மாத மாத்திரையைத் தரப்போகும் செவிலியர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்பது அந்த நோயாளி பேருந்தில் ஏறும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும்வரை அவரை ஏற்றாமல் காத்திருப்பதே அவருக்குச் செய்யும் நியாயம்.