தலவிலக் கரையில் ஊசியும் வயதும்

புனித அன்னம்மாள் திருத்தலத்தால், இலங்கையின் சின்னக் கரையோரக் கிராமமான தலவில பெரிய கூட்டத்தைக் கண்டு பழகிய ஊர். மார்ச்சிலும் ஒகஸ்டிலும் திருவிழாவென்றால் சிலாபம், நீர்கொழும்பு, மன்னார் என்று நாலாபக்கமிருந்தும் சனம் குடும்பம் குடும்பமாக வந்து, கொட்டில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கும். கைக்குழந்தையும் வரும், எண்பது வயது ஆச்சியும் வருவா. தொற்றுநோய்க்கு வேறென்ன வேண்டும்? இந்தப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்த எனக்கு, யார் ஊசிக்குக் கை நீட்டுகிறார்கள், யார் பின்வாங்குகிறார்கள் என்பதுதான் எப்போதும் கவலை.

இந்தக் கவலை பழையது. பெரியம்மைக்கான தடுப்பு மருந்தான அம்மைப்பால் இலங்கைக்கு வந்தது 1802இல், பம்பாயிலிருந்து. ஐஸ் பெட்டி இல்லாத காலம். குத்திய பிள்ளையின் கையில் ஒரு வாரம் கழித்து எழும் கொப்புளத்து நீரை எடுத்து, அடுத்த பிள்ளையின் கையில் கீறி ஏற்றுவார்கள். மருந்து பிள்ளைகளின் கைவழியாகவே ஊர்விட்டு ஊர் போனது. பெரியம்மை கண்ட ஊரைச் சனம் விட்டோடியதையும், நோயாளிகள் கைவிடப்பட்டதையும் அன்றைய தலைமை வைத்திய அதிகாரி தோமஸ் கிறிஸ்டி 1811இல் எழுதிவைத்திருக்கிறார். பெரியம்மையை அம்மாள் வருவதாக நம்பி, உடம்பில் கத்தி படக்கூடாது என்று மறித்தது வீட்டுப் பெரியவர்கள். 1886இல் சட்டம் போட்டு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது.

நான் வேலைக்கு வந்தபோது பெரியவர்களின் அந்த எதிர்ப்பு தலைகீழாகியிருந்தது. இடது கையில் அம்மை குத்திய காசளவு வட்டத் தழும்போடு இருந்த ஆச்சிமார்தான் எனக்குப் பெரிய துணை. கரைவலை வாடியொன்றில் ஓர் ஆச்சி, கருவாடு புரட்டிய கையைக் கழுவிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டித் தன் தழும்பை மருமகளுக்குக் காட்டி, "இது இல்லாட்டி நீ மாமி எண்டு கூப்பிட ஆள் இருந்திருக்காது பிள்ளை" என்றா. நான் கொண்டுபோன துண்டுப்பிரசுரம் அதில் பாதிகூடச் சொல்லவில்லை.

2021 ஜனவரி 29இல் கொரோனா ஊசி தொடங்கியது. செப்டம்பரில் இருபதிலிருந்து இருபத்தொன்பது வயதுக்காரரின் முறை வந்தபோது நாடு முழுக்கத் தயக்கம். பிள்ளை பிறக்காமல் போகும் என்ற வதந்தி ஒரு பக்கம். வெளிநாட்டு வேலைக்குச் சினோபார்ம் செல்லாது, பைசர் வரட்டும் என்ற காத்திருப்பு இன்னொரு பக்கம். "வருத்தம் வந்தா கிழவங்களுக்குத்தானே மிஸ்" என்று வள்ளத்தடியில் ஒரு தம்பி என்னிடமே சொன்னான். அவனை ஏசுவதில் அர்த்தமில்லை. பெரியம்மையை அவன் கண்டதில்லை. போலியோவும் 1993க்குப் பிறகு இந்த நாட்டில் இல்லை. செத்தவர்களில் பெரும்பாலானோர் அறுபது தாண்டியவர்கள் என்று செய்தியும் தினமும் சொன்னது. கண்ணால் கண்டதை வைத்துத்தான் அவனும் கணக்குப் பார்த்தான். ஆனால் அவன் இருந்த குடிலிலேயே அவனுடைய அப்பப்பா படுத்திருந்தார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

நாட்டில் கொரோனாவுக்கான முதல் ஊசியைச் சுமார் 1 கோடி 70 இலட்சம் பேர் போட்டார்கள். மூன்றாவதுக்கு வந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு.

இதில் என்னை இன்றுவரை யோசிக்கவைப்பது இளம் தாய்மார். தனக்கென்றால் "பிறகு பாப்பம் மிஸ்" என்ற அதே பெண், இரண்டாம் மாதத்து ஐங்கூட்டு ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கில் முதல் ஆளாக நின்றா. சிறுபிள்ளைகளின் தடுப்பூசியில் இலங்கை 95 சதவீதத்துக்கு மேல் நிற்பது இவர்களால்தான். கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்து, வயிறு பார்த்து, பிள்ளையை நிறுத்து, கொப்பியில் எழுதித் தந்த என்னைப் போன்ற ஒருத்தி பிள்ளையின் ஊசியைச் சொல்கிறாள். கொரோனா ஊசியைச் சொன்னது பெரும்பாலும் தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும். பள்ளிக்கூடம் விட்டு வேலைக்குப் போய், கலியாணம் கட்டும்வரை ஓர் இளைஞனின் வீட்டுப் படலையைச் சுகாதாரத் திணைக்களத்திலிருந்து யாரும் தட்டுவதில்லை. பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையில் எங்கள் பதிவேட்டில் ஆண்பிள்ளைக்கென்று ஒரு பக்கமே கிடையாது.