எலும்பின் உயிரைக் கண்ட வரலாறு

வலி ஓரிடத்திலும் அதன் மூலம் வேறோரிடத்திலும் இருப்பதுண்டு. முழங்கால் வலி என்று வருபவருக்கு நோய் இடுப்பு மூட்டில் இருக்கலாம். எலும்புகளில் பரவும் புற்றுநோயோ, ஓரிடத்தில் வலியைத் தந்து, வலியே இல்லாத வேறு பல இடங்களிலும் குடிகொண்டிருக்கக் கூடும். ஆகவே உடல் முழுவதையும் ஒருங்கே காண வேண்டிய தேவை மருத்துவருக்கு எழுந்தது. அது நிறைவேறிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1895-ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உயிருள்ள மனிதனின் எலும்பை, உடலை அறுக்காமலே காண முடிந்தது. ஆயினும் அப்படம் காட்டியது எலும்பின் வடிவத்தையே. எலும்பின் தாதுப் பொருளில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கரைந்த பின்னரே, பல வேளைகளில் அதில் குறை புலப்படும். அதற்குள் நோய் வேரூன்றிவிடும்.

எலும்பு உயிரற்ற தூணன்று. 1935-இல் கோபன்ஹேகன் நகரில் ஹெவெசி என்ற ஹங்கேரிய அறிஞர், எலிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து ஆராய்ந்தார். எலும்பிலிருந்து பழைய பாஸ்பரஸ் நீங்குவதையும், புதியது அவ்விடத்தில் அமர்வதையும் கண்டார். கொத்தனார் ஓயாமல் பழுதுபார்க்கும் வீட்டைப் போன்றது எலும்பு. எங்கே வேலை மிகுதியோ, அங்கே பழுது மிகுதி என்று ஊகிக்கலாம் அன்றோ?

அவ்விடத்தைக் காட்டும் விளக்காக அமைந்தது டெக்னீஷியம். 1937-இல் இத்தாலியின் பலேர்மோ நகரில் பெரியர், செக்ரே இருவரும் அதனைக் கண்டறிந்தனர். அதன் ஒரு வகை, ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே மருத்துவத்திற்கு உகந்தது. 1971-இல் அமெரிக்காவில், நம் செவிக்குப் பழகிய பெயர்கொண்ட சுப்பிரமணியன் என்ற அறிஞரும் மெக்காஃபி என்பவரும் அதனைப் பாஸ்பேட்டுடன் இணைத்து, எலும்பை நாடிச் செல்லுமாறு செய்தனர். தலை முதல் கால் வரை எலும்புக்கூடு முழுவதும் ஒரே படத்தில் தெரிந்தது. நம் நாட்டிலும் கதிரியக்க மருத்துவ மையம் 1963-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் நிறுவப்பெற்றிருந்தது.

எனினும் மஜ்ஜையில் தோன்றும் மைலோமா போன்ற நோயில் பழுதுபார்க்கும் வேலை குறைவு. அந்த விளக்கு அங்கே மங்கிவிடும். தசைநோய்க்கும் அது பெரிதும் உதவாது. இக்குறையை நீக்க வந்தது காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை. 1977-இல் டமாடியன் குழுவினர் மனித மார்பின் படத்தை எடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. இம்முறைக்கு வழிவகுத்த லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று ஒரு மணி நேர அளவில் உடல் முழுவதையும் எக்ஸ் கதிரின்றியே காணலாம். எந்தத் தசை நலிந்தது, எது தப்பியது என்பதும் தெரிவதால், தசைநோயின் வகையை அறிய அது துணைசெய்கிறது.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்பவற்றுக்கு நேர்ச்சொல் கிடைக்காமல் மருத்துவர்முன் தடுமாறுவதுண்டு. படம் இருக்கிறதே, சொல் எதற்கு என்று எண்ணிவிடலாகாது. படத்தில் தோன்றும் புள்ளி யாவும் நோயல்ல. பழைய முறிவும் மூட்டுத் தேய்மானமும்கூட அவ்வாறே தோன்றும். எது நோய் என்று பிரித்தறிய நம் வாய்மொழியே மருத்துவருக்குத் துணை. தயங்காமல், துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்றேனும், முழுவதும் சொல்லுவோமாக.