பாதிரி மரமும் திருப்பாதிரிப்புலியூரும்

கடலூர் நகரின் ஒரு பகுதி திருப்பாதிரிப்புலியூர். பாதிரி என்றதும் கிறிஸ்தவப் பாதிரியார் நினைவுக்கு வரலாம். அந்தச் சொல் போர்ச்சுகீசியரோடு வந்தது. ஊர்ப்பெயரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் இத்தலத்தைப் பாடிவிட்டார். இங்கே பாதிரி என்பது ஒரு மரம்! பாடலீஸ்வரர் கோயிலின் தலமரமும் இதுவே.

வடமொழியில் இம்மரத்தின் பெயர் பாடலி. மகதத்தின் தலைநகரான பாடலிபுத்திரமும் (இன்றைய பாட்னா) இதே மரத்தால் பெயர் பெற்றது என்பர். கி.பி. 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற நூலை எழுதிய 'பாடலிகா' இந்தத் திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பக்கத்து ஊரான சிதம்பரமும் தில்லை என்ற மரத்தால் பெயர் பெற்றது குறிப்பிடத்தக்கது.

சரி, பாதிரியை எப்படி அடையாளம் காண்பது? இது இலையுதிர் காடுகளில் வளரும் மரம். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். காய் நீண்டு தொங்கும். இதில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றின் பூ மங்கிய செந்நிறம், மெல்லிய மயிர் படர்ந்தது, நல்ல மணமுள்ளது. தாவரவியல் பெயர் ஸ்டீரியோஸ்பெர்மம் செலோனாய்டஸ். மற்றொன்று மஞ்சள் பூவில் சிவப்புக் கோடுகள் கொண்டது. அதன் காய் நான்கு பட்டையாக இருப்பதால் டெட்ராகோனம் என்று பெயர். நூல்களில் இவ்விரு பெயர்களும் பலமுறை இடம் மாறிவிட்டதால் குழப்பம் நீடிக்கிறது.

இங்கே சங்க இலக்கியம் கைகொடுக்கிறது. குறுந்தொகையில் (147) கோப்பெருஞ்சோழன், தலைவியின் மேனியில் படர்ந்த மெல்லிய மயிருக்கு வேனிற்காலப் பாதிரியின் வளைந்த பூவை உவமை சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படை, சாயம் ஏற்றிய யாழின் தோலை இப்பூவின் உட்புறத்தோடு ஒப்பிடுகிறது. மயிரும் நிறமும் சேர்ந்து முதல் இனத்தையே காட்டுகின்றன அல்லவா?

குழப்பத்தைத் தீர்ப்பது ஏட்டுக்கு மட்டும் தேவையானதல்ல. பாதிரி வேர் தசமூலம் எனும் பத்து வேர்களில் ஒன்று. எந்த மரத்தின் வேர் மருந்தில் சேர்கிறது என்பது நோயாளிக்கு முக்கியம். மேலும், வேரைத் தோண்டினால் மரமே பட்டுப்போகும். பெயர் மட்டும் ஊரில் இருந்து, மரத்தைக் கண்டால் தெரியாத தலைமுறை வளர்ந்தால் அதைக் காப்பது யார்? அடுத்த கோடையில் பாதிரி பூக்கும்போது ஒருமுறை உற்றுப் பாருங்கள்!